ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்ட மேசை

ஆற்றுக்கு மேலே சுவர்போல நிமிர்ந்து நின்ற அந்தத் திராட்சைச் சரிவைக் கீழிருந்து உச்சிவரை பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"இதுல மாடு எப்படிங்க ஏறும்?"

மகள் கோமதி அதை ஜெர்மன் மொழியில் சொன்னாள். தோட்டத்துச் சொந்தக்காரர் ஹெர்மன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, மாடு கிடையாது என்றார். எந்தக் காலத்திலும் கிடையாதா என்று இவர் விடவில்லை. தன் தாத்தா ஒரு கழுதை வைத்திருந்ததாக ஹெர்மன் சொன்னார். அந்தக் கழுதையின் பெயரையும் சொன்னார். செத்துப்போன கழுதையின் பெயரை மூன்றாம் தலைமுறை ஞாபகம் வைத்திருப்பது இவருக்குப் பிடித்திருந்தது. எனக்குத் தெரிந்து அந்த ஊரில் இவருக்கு முதலில் பிடித்தது அதுதான்.

ஹெர்மன் அப்போது இன்னும் எங்கள் சம்பந்தி ஆகவில்லை. ஆகலாமா கூடாதா என்று பார்க்கத்தான் கொல்லிமலையிலிருந்து அவ்வளவு தூரம் போயிருந்தோம்.

சென்ற வாரம் விசா வாங்கப் பட்ட பாட்டோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக: நான் வாசலூர்பட்டியில் இருக்கிறேன். மலைப் பள்ளிக்கூடங்களில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரருக்கு மிளகும் காப்பியும், பள்ளத்தில் கொஞ்சம் நெல்லும். எங்களுக்கு ஒரே மகள். நர்சிங் படித்து, ஜெர்மன் மொழி படித்து, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இன்னொரு ஆத்தூர்

அந்த ஊரின் பெயரை என் வாயில் கடைசிவரை நுழைக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்த எனக்கு இது கொஞ்சம் அவமானம். வீட்டுக்காரர் முயற்சியே செய்யவில்லை. மோசல் என்ற ஆற்றின் கரையில் இருந்ததால் ஆத்தூர் என்று வைத்துவிட்டார். சேலத்துப் பக்கம் ஓர் ஆத்தூர் இருக்கிறதே, குழப்பமாகாதா என்று கேட்டேன். "அங்க போற பஸ் வேறதான" என்றார்.

பழைய ஊர். கறுப்புக் கல் ஓடு வேய்ந்த கூரைகள், மரச்சட்டம் வெளியே தெரியும் சுவர்கள், ஒரு கைவண்டி மட்டும் போகும் சந்துகள். ரோமானியர்கள் காலத்திலிருந்தே அங்கே திராட்சை போடுகிறார்களாம். ஊர் நடுவே ஒரு கல் படகு இருந்தது. பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடுகிறவர்களைச் செதுக்கியிருந்தார்கள். துடுப்புக்காரர்களில் ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவன் சரக்கத் தொட்டுப்போட்டான்" என்றார்.

இதைக் கோமதி மொழிபெயர்க்கவில்லை.

சரிவுக்கு வருகிறேன். மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. உடைந்த சிலேட்டுத் துண்டுகளும், அவை சரியாமல் அடுக்கடுக்காகக் கட்டிய கல் சுவர்களும்தான். காலை வைத்தால் சலசலவென்று நழுவும். பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு அந்தக் கல் கொடிக்குச் சூடு கொடுக்குமாம். கொடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊன்றுகோல். இரண்டு கிளையையும் வளைத்துக் கீழே கட்டியிருந்தார்கள். பார்க்கச் சீட்டுக்கட்டின் ஆடுதன் போல, இதய வடிவில் இருந்தது.

எங்களூரில் மிளகு சில்வர் ஓக் மரத்தில் தன்பாட்டுக்கு ஏறிக்கொள்ளும். நாம் ஏணி போட்டுப் பறிக்க வேண்டியதுதான். கொடியை இப்படி ஒவ்வொன்றாக வளைத்துக் கட்டுகிற வேலையை இவர் பார்த்ததில்லை. முதல் வரிசை முடிவதற்குள் குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். திரும்பக் கட்டத் தெரியவில்லை. ஹெர்மன் வந்து பேசாமல் கட்டிக் காட்டினார்.

சரிவில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்றும் ஓடியது. அதன்மேல் ஒரு சின்ன மோட்டார் வண்டி ஆளையும் பழத்தையும் ஏற்றிக்கொண்டு, கூரைமேல் பல்லி போல ஏறி இறங்கும். மாப்பிள்ளைப் பையன் யோனாஸைப் பற்றி இவர் கேட்டது இரண்டு கேள்வி. அந்த வண்டியைப் பற்றிக் கேட்டது நான் எண்ணவில்லை.

மிளகுப் பாயில் வைத்த போன்

இந்த விவகாரம் ஆரம்பித்தது எங்கள் வாசலில், மிளகு காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் படகு ஏரிக்கு வந்த சுற்றுலாக் கார்கள் ரோட்டை அடைத்து நின்றன. வழி கேட்க வந்த ஒரு குடும்பம் எங்கள் மிளகோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனது.

கோமதி போனில் முகம் காட்டிப் பேசினாள். ஒருத்தரைப் பிடித்திருக்கிறது என்றாள். நான் எதிர்பார்த்ததுதான். வாரா வாரம் அழைப்பவள் இரண்டு வாரம் தவறவிட்டிருந்தாள்.

பையன் வெள்ளைக்காரன் என்பதை இவர் பெரிதுபடுத்தவில்லை. என்ன வேலை என்று கேட்டார். அப்பாவோடு தோட்டத்தில் வேலை என்றாள். இவர் முகம் தெளிந்தது. விவசாயக் குடும்பமென்றால் பேசிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

"என்ன தோட்டம், கண்ணு?"

"திராட்சைப்பா."

"பழம் விக்கறாங்களா, காய வெக்கறாங்களா?"

கோமதிக்குப் பின்னால் ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டது. ரயில் போய் முடிந்தது.

"ஒயின் பண்றாங்கப்பா."

வீட்டுக்காரர் போனைப் பாயில் மிளகின்மேல் வைத்தார். பலகையை எடுத்து, மிளகைக் கிளறிவிடத் தொடங்கினார். போன் இருந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து கோமதி, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆகாயம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

கை நனைக்காதவர்

இதற்குக் காரணம் பழையது.

இவருக்கு ஓர் அண்ணன் இருந்தார், வெள்ளையன். நான் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் என்னிடம் சிரித்துப் பேசிய ஒரே ஆள். இவருக்கு ஒரு தங்கையும் உண்டு, ராசம்மாள். இதே மலையில் அரியூர் நாடு என்ற பகுதியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கோமதி என் வயிற்றில் இருந்த வருஷம், அங்கே கோயில் திருவிழாவுக்கு வெள்ளையன் போனார். ராசம்மாள் வீட்டில் விருந்து. அந்த நாளில் மலையில் ஒளித்துக் காய்ச்சிய சாராயத்துக்குப் பஞ்சமில்லை. அவள் புருஷன் ஊற்றிக் கொடுத்தார், வெள்ளையன் குடித்தார். மழையில் பள்ளத்து வயல் வழியாக நடந்து வந்தார்.

காலையில் நாற்றுக்குத் தண்ணீர் கட்டியிருந்த வயலில் முகம் குப்புறக் கிடந்தார். தண்ணீர் கணுக்கால் அளவுதான். வீட்டுக்காரர்தான் தோளில் போட்டு ஊருக்குத் தூக்கி வந்தார். வழியில் யாரையும் கை போட விடவில்லை.

காரியம் முடிந்த அன்று, எல்லோரும் கேட்க ஒரு வார்த்தை சொன்னார்: "சாராயம் இருக்கிற ஊட்டுல இனிமே கை நனைக்க மாட்டேன்."

எங்கள் பக்கம் கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. அன்றிலிருந்து கல்யாணம், காது குத்து எதற்குப் போனாலும் மொய் வைத்துவிட்டுப் பசியோடு திரும்பி வருவார். கூடப் போகிற நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவேன். சாராயம் போய்க் கடைச் சரக்கு வந்தது. பாட்டில் மாறியது, இவர் மாறவில்லை.

ராசம்மாள் வீட்டுப் பக்கமே போகவில்லை. நானும் அவளும் செம்மேட்டுச் சந்தையில் பார்த்துக்கொள்வோம். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போவாள். ஒரே நாளில் அவளுக்கு இரண்டு அண்ணன்களும் போய்விட்டார்கள் என்பதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மிளகைக் கிளறிய நாளுக்குப் பிறகு கொஞ்ச நாள் இவர் கோமதியைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்.

"போயி ஒருக்கா பாத்துப்போட்டு வரலாம்."

வயிற்றுக் கோளாறு

நாங்கள் போனது பழம் வெட்டும் சமயம். கோமதியின் வீடு ஆஸ்பத்திரி இருக்கிற பெரிய ஊரில். அங்கிருந்து தினமும் காலையில் ரயிலேறி ஆத்தூர் போவோம். அவள் லீவு போட்டிருந்தாள்.

முதல் நாளே ஹெர்மனின் மனைவி மோனிகா மேசை நிறையச் சாப்பாடு வைத்திருந்தார். வீட்டுக்காரர் வாசற்படி ஏறவில்லை. என்ன என்று அவர்கள் கேட்க, கோமதி பயந்துபோய், அப்பாவுக்கு வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டாள்.

சொல்லியிருக்கக் கூடாது. மோனிகா வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர். அன்றிலிருந்து தினம் ஒரு கஷாயம் வந்தது. சோம்பு போட்டது, ஏதோ பூப் போட்டது, என்ன போட்டது என்று தெரியாதது. எல்லாவற்றையும் இவர் கை கூப்பி மறுத்தார். கோளாறு முற்றிவிட்டதாக மோனிகா நினைத்தார்.

வயிற்றுக் கோளாறுக்காரர் பகல் முழுக்கச் சரிவில் பழம் வெட்டினார். தோட்டத்தில் சாராயம் இல்லை, பழம்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். கத்தரியும் வாளியும் வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார். குளிருக்கு நான் கட்டிவிட்ட மப்ளர் காதைச் சுற்றியிருந்தது. மத்தியானம் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, நாங்கள் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டார். ஹெர்மனும் இவரும் ஆளுக்கொரு வரிசையில் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே வெட்டினார்கள். அருகில் போய்க் கேட்டால் இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் சபதம் எதுவும் எடுத்தவளில்லை. மோனிகா என்னைப் பாதாள அறைக்குக் கூட்டிப் போனார். வீட்டுக்கு அடியில் மலையைக் குடைந்தது போல இருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. வரிசையாகப் பெரிய பீப்பாய்கள். மார்கழி மாதத்தில் என் பள்ளிக்கூட அறைக்குள் நுழைகிற குளிர். ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். அன்று திரும்பும்போது ரயிலிலேயே இவரிடம் சொல்லிவிட்டேன்.

எப்படி இருந்தது என்று கேட்டார். புளித்தது என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. அப்புறம் கொஞ்சம் நெல்லிக்கா வாசம்."

சன்னலுக்கு வெளியே ஆறு கூடவே வந்தது. இவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"இதுக்கா இத்தன கல்லுச் செவுரு" என்றார்.

ஹெர்மன் கேட்டது

ஒரு நாள் ஹெர்மன் பேச்சு நின்றுபோயிற்று. இவருக்குப் பக்கத்து வரிசையை விட்டுவிட்டு, தூரமாகப் போய் வெட்டிக்கொண்டிருந்தார். மோனிகாவின் கஷாயமும் வரவில்லை.

மத்தியானம் கோமதி என்னைக் கருவிகள் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஹெர்மன் தன் மகனிடம் ஒன்று கேட்டிருக்கிறார். இந்தியாவில் சிலர் தங்களைவிடத் தாழ்ந்தவர்கள் என்று நினைப்பவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களாமே, எங்கோ படித்திருக்கிறேன். அந்த மனிதர் நம் வீட்டு வாசல் ஏறாததும் அதனால்தானா?

நான் அங்கேயே ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆசிரியப் பயிற்சிக்காக நான் முதன்முதலாக மலையிறங்கிக் கீழ்நாட்டில் தங்கியபோது, அந்த வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் இருந்தது. மற்ற டம்ளர்கள் உள்ளே அலமாரியில் இருக்கும். என்னுடையது வெளியே, துளசிச் செடிக்குப் பக்கத்தில், கவிழ்த்தபடி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், அந்த டம்ளரில். வீட்டுக்காரரும் வாலிபத்தில் மிளகு மூட்டையோடு இறங்கிய காலத்தில், கை குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்தான். அந்தக் கதைகளை நாங்கள் கோமதியிடம்கூட அதிகம் சொன்னதில்லை.

நாங்கள் பட்டதை நாங்களே ஒருவருக்குச் செய்வதாக அந்த மனிதர் நினைத்துவிட்டார். நினைத்தும் மகனிடம் மட்டும் கேட்டுவிட்டு, மறுநாள் எங்களுக்குக் கத்தரி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இவரிடம் போய்ச் சொன்னேன். கத்தரியை வாளியில் போட்டார். நாலு வரிசை தாண்டி, கல் சரியச் சரிய நேராக ஹெர்மனிடம் போனார். நானும் கோமதியும் பின்னால் ஓடினோம்.

"ஏனுங்க, நீங்க தப்பா நெனச்சுட்டீங்க" என்றார். "உங்களக் கீழா நெனைக்க நாங்க ஆரு? எங்கண்ணன் குடிச்சுப்போட்டுச் செத்தாருங்க. கணுக்கால் தண்ணியில. நாந்தான் தூக்கியாந்தேன். அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன். மீற முடியலீங்க."

கோமதிக்கு மொழிபெயர்க்க நேரமானது. இடையில் ஒருமுறை நின்றுவிட்டாள். பெரியப்பா செத்த கதை அவளுக்குத் தெரியும். அப்பா வாயால் கேட்டது அன்றுதான்.

ஹெர்மன் தொப்பியைக் கழற்றினார். அண்ணன் பெயர் என்ன என்று கேட்டார்.

"வெள்ளையன்" என்றார் இவர்.

"வெலாயன்" என்றார் ஹெர்மன். சரியாக வரவில்லை என்று அவருக்கே தெரிந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

கீழே ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல் போனது. பிறகு ஹெர்மன் கேட்டதை நான் வாழ்நாளில் எதிர்பார்த்திருக்க முடியாது. நீங்கள் சொன்ன வார்த்தை சரியாக என்ன, ஒரு சொல் விடாமல் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

வீடு என்றால் எது

இவர் சொன்னார். கோமதி சொல்லுக்குச் சொல் மாற்றினாள். கை நனைப்பதில் முதல் சிக்கல் வந்தது. அப்படியானால் கை கழுவலாமா கூடாதா என்று ஹெர்மன் கேட்டார். சாப்பிடுவதைத்தான் அப்படிச் சொல்வது என்று அவள் விளக்கினாள். தலையாட்டினார்.

அடுத்தது வீடு. வீடு என்றால் கூரை இருக்கும் இடம் மட்டுமா, முற்றமும் சேர்த்தியா?

இவர் யோசித்தார். யாரும் இதுவரை கேட்டதில்லை.

"சாராயம் இருக்கிற எடம்" என்றார்.

ஹெர்மன் கீழே இறங்கினார். நாங்களும் இறங்கினோம். முற்றத்தின் நடுவில் நின்று காலால் தரையைத் தட்டினார். இதற்கு அடியில் பாதாள அறை வருகிறது, ஆகவே முற்றம் கூடாது என்றார். வீட்டுச் சுவரை ஒட்டி நடந்து போனார். ஆற்று வெள்ளம் ஏறிய உயரத்தையெல்லாம் அந்தச் சுவரில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் நின்று, அறை இங்கே முடிகிறது என்று மகனிடம் உறுதி செய்துகொண்டார். ரோட்டைக் கடந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், சரிவின் அடிவாரத்தில், கொடிகளுக்கு முன்னால் கொஞ்சம் புல் வெளி இருந்தது. அங்கே போய் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்.

இது வீடு இல்லை என்றார். இதற்கு அடியில் வெறும் கல்தான்.

வீட்டுக்காரர் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று அந்தப் புல்லைப் பார்த்தார். வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி புல்லைப் பார்த்தார்.

"அது ஊடில்லதான்" என்றார்.

ஹெர்மனும் யோனாஸும் சாப்பாட்டு மேசையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள். ஒரு கார்க்காரர் நிறுத்தி வழிவிட்டார். நாற்காலிகள் வந்தன, மேசை விரிப்பு வந்தது. எல்லாம் எடுத்து வைத்ததும் தூறல் ஆரம்பித்தது. உள்ளே போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. மோனிகா குடைகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டியோடு எல்லோரும் உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கும் சூப்பும். சூப் குறையவே இல்லை.

வீட்டுக்காரர் மட்டும் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, நனைந்துகொண்டே கையால் சாப்பிட்டார். கோமதி தலை குனிந்தபடி சாப்பிட்டாள். அவள் முகத்தில் இருந்தது தூறலா என்று நான் கேட்கவில்லை.

குடிக்க என்ன தருவது என்று வந்தபோது மேசையில் சின்னச் சங்கடம் ஏற்பட்டது. யோனாஸ் எழுந்து போய், அப்போதுதான் பிழிந்த சாற்றை ஒரு கூஜாவில் கொண்டுவந்தான். கலங்கிய மஞ்சள் நிறம். வீட்டுக்காரர் டம்ளரைக் கையில் எடுத்து முகர்ந்தார்.

"இது எப்பச் சாராயமாவும்?"

ஹெர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்படியே விட்டால் நாளை சாயங்காலம் பொங்கத் தொடங்கலாம் என்றார்.

"அப்ப இன்னிக்கு இது பழச்சாறுதான்" என்று இவர் ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளர் வாங்கி, அதை மெதுவாகக் குடித்தார்.

"தெளுவு மாதிரியே இருக்குது."

தெளுவு என்றால் பதநீர். பனைமரத்தைப் பற்றிக் கோமதி அவர்களுக்கு விளக்கினாள். இவருக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி வைத்தால் தெளுவு கள்ளாக மாறாது, எத்தனையோ நேரம் இனிப்பாகவே இருக்கும், நீங்களும் பீப்பாயில் கொஞ்சம் சுண்ணாம்பு தடவிப் பாருங்களேன் என்றார்.

கோமதி மொழிபெயர்த்தாள். ஹெர்மன் கரண்டியைக் கீழே வைத்தார். நல்ல யோசனை என்றும், ஆனால் அப்படிச் செய்தால் இரண்டாயிரம் வருஷத் தொழிலைத் தான் ஒருவனே நிறுத்திய மாதிரி ஆகிவிடும் என்றும் சொன்னார்.

"அவசரமில்லீங்க. யோசிச்சுச் செய்யட்டும்" என்றார் இவர்.

அன்று ரயிலில் திரும்பும்போது, தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று கோமதியிடம் சொன்னார். எதை என்று அவள் கேட்கவில்லை. அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். இவர் அவளை எழுப்பாமல், இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டவும் விட்டார். எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விட்டார்.

பலாமரம்

தை மாதம் கல்யாணம் எங்கள் ஊரில் நடந்தது. ஹெர்மன் வேட்டி கட்டினார், அதற்குமேல் பெல்ட்டும் போட்டுக்கொண்டார். வெயிலில் மூக்கு உரிந்து போனார். அந்தக் கல்யாணத்தை இங்கே எழுத வரவில்லை. அதற்கு முன்னால் பத்திரிகை வைக்கப் போன ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் வைத்து முடித்த பிறகு, காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "அரியூர் நாட்டுக்கு பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார். நான் நேரத்தைச் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. சொன்னால் சட்டையைக் கழற்றிவிடுவார்.

ராசம்மாள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வாசல் ஓரத்தில் நின்றவரைப் பார்த்தாள். கை நின்றது. முறத்தைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள்.

"வாங்கண்ணா" என்றாள். "வாங்கண்ணி."

வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் உள்ளேதான் படுத்திருந்தார். அவர் குடியை விட்டவரில்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் பாட்டில் இருக்கும். மூன்று பேருக்கும் தெரியும்.

பத்திரிகையை நான் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். வாசலுக்கு அப்பால், வண்டித் தடத்தைத் தாண்டி, ஒரு பெரிய பலாமரம் நின்றது.

"ராசம்மா, அந்த மரத்தடி உங்க ஊடா?"

அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மரம் எப்படிங்கண்ணா ஊடாவும்?" என்றாள்.

இவர் நடந்து போய் மரத்தடியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"பசிக்குது" என்றார்.

ராசம்மாள் ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. வாழையிலை வந்தது, செம்பில் தண்ணீர் வந்தது. அன்று அவள் வீட்டில் நல்ல நாள் ஒன்றும் இல்லை. சாதமும் மொச்சைக் குழம்பும்தான். இவர் கையைக் கழுவி, குழம்பை ஊற்றிப் பிசைந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் வாய்க்குப் போகும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தாள். இரண்டாம் முறை சாதம் கேட்டார்.

போடும்போது அவள் சொன்னாள்: "இந்த மரம் அன்னிக்கே இருந்துச்சுங்கண்ணா."

இவர் மென்று முடித்தார். "நான் அன்னிக்கு என்ன சொன்னேன்னு ஆரும் திருப்பிக் கேக்கலியே" என்றார். அதில் குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லை. தனக்கே அப்போதுதான் தெரிய வந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது.

வீட்டு நிலைப்படியில் நிழல் அசைந்தது. ராசம்மாளின் புருஷன் எழுந்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்து பாதியாகியிருந்தார். எங்கள் பக்கம் வரவுமில்லை, உள்ளே போகவுமில்லை. ராசம்மாள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வீட்டுக்காரர் குழம்பில் கிடந்த மொச்சை ஒன்றை விரலால் ஒதுக்கினார். பிறகு தலையைத் தூக்கினார்.

"சாப்புட்டாச்சுங்களா, மச்சான்?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

வீட்டுக்காரர் தன் இலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்து இடம் விட்டார். ராசம்மாள் இன்னொரு இலை அறுக்கப் போனாள்.